கோடை விருந்துக்கு வீட்டிலேயே காக்டெயில்: ஐஸ், எலுமிச்சை, அளவு

மே மாத சனிக்கிழமை ஒன்றின் மாலையில், திருவான்மியூரில் உங்கள் குடியிருப்பின் மொட்டைமாடியில் பன்னிரண்டு பேரை விருந்துக்கு அழைத்திருக்கிறீர்கள் என்றும், அவர்களில் நால்வர் மது அருந்தாதவர்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். பியரையும் விஸ்கியையும் வாங்கி வைத்து ஒப்பேற்றாமல் கோடைக்கு ஏற்ற காக்டெயில்களை உங்கள் கையாலேயே கலந்து கொடுக்க வேண்டும், ஆனால் பாரில் இருக்கும் கருவி ஒன்றுகூட வீட்டில் இல்லை, எங்கிருந்து தொடங்குவது என்பது உங்கள் கேள்வி. நான் சென்னையில் ஒரு நட்சத்திர ஓட்டலின் பாரில் பதினான்கு ஆண்டுகள் பானம் கலக்கும் வேலையில் இருந்தவன். அங்கே கற்றதையும், அதைவிட முக்கியமாக, அங்கே கற்றது வீட்டில் எங்கெங்கே பொருந்தாமல் போனது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில் அடிப்படை. மது சேர்க்காமலேயே விரும்பிக் குடிக்கும்படியான ஒரு பானத்தைச் செய்துகொள்ளுங்கள். மதுவைக் கடைசியில், அவரவர் டம்ளரில், அளந்து ஊற்றுங்கள். வீட்டு விருந்துக்கு இதைவிடப் பயனுள்ள விதி எனக்குத் தெரியாது. பாரில் ஒவ்வொரு கோப்பையையும் தனித்தனியே கலக்க ஆள் இருக்கிறது, வீட்டில் கலப்பவரும் நீங்கள்தான், வாசலில் வரவேற்பவரும் நீங்கள்தான். மது சேராத இந்த அடிப்பானம் தயாராகக் குளிர்ந்திருந்தால் ஒரு டம்ளரை நிரப்ப அரை நிமிடம் போதும். மது அருந்தாத நால்வருக்கும் அதே பானம், அதே டம்ளர், அதே அலங்காரத்துடன் போய்ச் சேரும். அவர்களுக்கென்று கடையில் வாங்கிய குளிர்பானத்தை மூலையில் வைத்துவிட்டு மற்றவர்களைக் கவனிக்கிற வழக்கத்தை நான் பல வீடுகளில் பார்த்து வருந்தியிருக்கிறேன். இன்னொன்று, மது தனியாக இருக்கும்வரை யார் எவ்வளவு அருந்துகிறார்கள் என்பது உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும்.

ஓட்டலில் சேர்ந்த முதல் ஆண்டு எங்கள் வீட்டில் நண்பர்களுக்குக் கொடுத்த விருந்தில் நான் இதற்கு நேர் எதிராகச் செய்தேன். பகல் இரண்டு மணிக்கே ஒரு பெரிய பாத்திரத்தில் ரம், எலுமிச்சைச் சாறு, கசக்கிய புதினா, சோடா எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து மூடி வைத்தேன். ஏழு மணிக்குத் திறந்தபோது சோடாவில் ஒரு குமிழிகூட இல்லை, புதினா கறுத்துக் கசந்திருந்தது, சாற்றின் மணம் போய் புளிப்பு மட்டும் மிஞ்சியிருந்தது. அன்று கெட்டுப்போன ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காரணம் உண்டு. கீழே நான் சொல்லும் முறைகளில் பாதி அந்தக் காரணங்களிலிருந்து வந்தவை.

இப்போது ஐஸ். கோடை காக்டெயிலில் பாதி வேலையைச் செய்வது ஐஸ்தான் என்பதால் இங்கே சற்று நின்று பேசுகிறேன். ஒரு கிராம் தண்ணீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி மாற்ற ஒரு கலோரி வெப்பம் போதும், ஒரு கிராம் ஐஸ் உருகுவதற்கோ ஏறத்தாழ 80 கலோரி வெப்பம் தேவை. அந்த வெப்பத்தை அது உங்கள் பானத்திலிருந்து எடுத்துக்கொள்வதால்தான் பானம் குளிர்கிறது. ஆக, ஐஸ் உருகாமல் பானம் குளிராது, உருகினால் தண்ணீர் சேராமல் இருக்காது. இந்தத் தண்ணீரைக் குறையாக நினைக்க வேண்டாம், அதுவும் பானத்தின் ஒரு பொருள்தான். அளவோடு சேர்ந்தால் மதுவின் காரம் அடங்கிப் பழத்தின் மணம் மேலெழும். வெதுவெதுப்பான சாற்றையும் வெதுவெதுப்பான ரம்மையும் கொஞ்சம் ஐஸின் மேல் ஊற்றும்போதுதான் கேடு வருகிறது, ஏனென்றால் அத்தனை சூட்டையும் தணிக்க ஐஸ் மொத்தமும் உருகிப் பானம் சப்பென்று ஆகிவிடும். அதனால் அடிப்பானம், சோடா, டம்ளர், முடிந்தால் மது பாட்டில் ஆகிய எல்லாவற்றையும் காலையிலேயே குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். டம்ளரை விளிம்புவரை ஐஸால் நிரப்புங்கள். நிறைய ஐஸ் போட்டால் பானம் நீர்த்துவிடும் என்பது பரவலான எண்ணம், உண்மையில் குறைவாகப் போட்டால்தான் அது விரைவாக உருகி நீர்த்துப்போகிறது.

ஐஸ் செய்யும் தண்ணீரின் சுவை பானத்தில் அப்படியே தெரியும். ஆழ்துளைக் கிணற்று நீரிலும் லாரித் தண்ணீரிலும் உப்பு இருக்கும், ஆகவே குடிக்கிற கேன் தண்ணீரையோ சுத்திகரித்த தண்ணீரையோதான் தட்டுகளில் ஊற்ற வேண்டும். மீன், சாம்பார்ப் பொடி ஆகியவற்றின் வாசனையை ஐஸ் இழுத்துக்கொள்ளும். உறைந்த கட்டிகளை உடனுக்குடன் கனமான பிளாஸ்டிக் பைகளில் போட்டு இறுகக் கட்டிவிடுங்கள். மே மாத மாலையில் மொட்டைமாடி என்றால் ஒருவருக்கு முக்கால் கிலோ என்று கணக்கிட்டு, பன்னிரண்டு பேருக்கு ஒன்பது கிலோ தேவைப்படும். வீட்டுத் தட்டுகளில் செய்வதானால் மூன்று நாள் முன்பே தொடங்க வேண்டும், இல்லையென்றால் பை பையாக விற்கும் உண்ணத்தக்க ஐஸ் கட்டிகளை அன்று மாலை வாங்கிக்கொள்ளலாம். மீன் சந்தைக்குப் போகும் பாளம் ஐஸை எக்காரணம் கொண்டும் பானத்தில் போடக் கூடாது. அந்தப் பாளத்தை உடைத்துப் பெட்டியின் அடியில் பரப்பி, மேலே பாட்டில்களை வைத்துக் குளிரூட்டுவதற்கு மட்டும் பயன்படுத்தலாம்.

திருவல்லிக்கேணிக் கடற்கரையில் இப்போது விவேகானந்தர் இல்லமாக இருக்கும் கட்டடத்தை முதியவர்கள் இன்றும் ஐஸ் ஹவுஸ் என்றே சொல்வதற்குக் காரணம், அமெரிக்காவின் ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியைக் கப்பலில் கொண்டுவந்து இறக்கிச் சேமிக்க 1842-இல் அது கட்டப்பட்டதுதான். பாஸ்டனைச் சேர்ந்த ஃபிரடரிக் டியூடரின் நிறுவனம் அந்த வணிகத்தை நடத்தியது. மாதக்கணக்கான கடற்பயணத்தைப் பனிக்கட்டி தாங்கியதன் இரகசியம் மரத்தூள். கட்டிகளை நெருக்கமாக அடுக்கி, காற்றுப் புகாமல் மரத்தூளால் மூடி, உருகிய நீரை வடித்துக்கொண்டே வந்தார்கள். உங்கள் மொட்டைமாடிக்கும் இதே வழிதான்: தெர்மாகோல் பெட்டியோ மூடியுள்ள ஐஸ் பெட்டியோ எடுத்து, ஐஸை நெருக்கமாக நிரப்பி, மேலே ஒரு தடித்த துண்டைப் போர்த்தி, அடியில் சேரும் நீரை அவ்வப்போது வடித்துவிட்டால் நான்கு மணி நேரம் கவலையில்லை.

அடுத்தது எலுமிச்சை. வெளிநாட்டுக் குறிப்புகளில் லெமன் என்றும் லைம் என்றும் இரண்டு பழங்கள் வரும். நம் கடைகளில் கிடைக்கும் மெல்லிய தோலுள்ள சின்ன எலுமிச்சை, அவர்கள் லைம் என்று சொல்லும் வகையைச் சேர்ந்தது. இது நமக்கு ஒரு கொடுப்பினை. கியூபாவின் மொஹிதோ, டைகிரி, மெக்சிகோவின் மார்கரிட்டா, ஆங்கிலேயரின் கிம்லெட் என்று கோடைக்கு உகந்த பானங்கள் பெரும்பாலும் லைம் சாற்றின் மேல் எழுந்தவை என்பதால், அவற்றுக்கு வேண்டிய பழம் நம் தெருமுனைக் கடையிலேயே இருக்கிறது. பழத்தைப் பிழிவதற்கு முன் மேடையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தி உருட்டுங்கள். ஒரு பழத்தில் 15 முதல் 20 மி.லி. வரை சாறு வரும். விதையையும் தோலையும் சேர்த்து நசுக்கிப் பிழிந்தால் கசக்கும், ஆகவே மென்மையாகப் பிழிந்து வடிகட்டுங்கள். சாற்றை விருந்தன்று மாலை நான்கு மணிக்கு மேல் பிழிவதுதான் நல்லது. முந்தின இரவே பிழிந்து வைத்தால் புளிப்பு இருக்கும், புத்துணர்ச்சி இருக்காது.

புளிப்புக்கு இணையாக இனிப்பு வேண்டும். சர்க்கரையும் தண்ணீரும் சம அளவில் எடுத்து, சர்க்கரை கரையும்வரை மட்டும் சூடாக்கி ஆறவைத்த பாகு போதும். கம்பிப் பதம் வரை போக வேண்டியதில்லை. பெரும்பாலான குலுக்கிய காக்டெயில்களின் எலும்புக்கூடு ஒன்றே: மது இரண்டு பங்கு, புளிப்பு ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு, இனிப்பு ஏறத்தாழ அதே அளவு. வெள்ளை ரம் 60 மி.லி., எலுமிச்சைச் சாறு 25 மி.லி., பாகு 20 மி.லி. என்று ஐஸுடன் குலுக்கி வடித்தால் டைகிரி. ரம்முக்குப் பதிலாக ஜின் என்றால் கிம்லெட்டுக்கு மிக அருகில் வந்துவிடுகிறீர்கள். குளிர்ந்த பானத்தில் இனிப்பு குறைவாகத் தெரியும் என்பதை நினைவில் வையுங்கள். அறை வெப்பநிலையில் சுவைத்துப் பார்க்கும்போது சற்றே தித்திப்பு தூக்கலாக இருப்பதுதான், ஐஸில் போட்டபின் சரியாக இருக்கும். ஒரு சிட்டிகை உப்பு எல்லாவற்றிலும் சேருங்கள். எலுமிச்சை ஜூஸில் உப்புப் போடுவது நம் வீடுகளில் காலங்காலமான பழக்கம். அது கசப்பை அடக்கிப் பழத்தின் சுவையைத் தூக்கிவிடுகிறது.

கருவிகளைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். இறுக மூடும் எவர்சில்வர் தூக்கோ, உடற்பயிற்சிக்குச் செல்லும் பிள்ளைகள் புரதப் பொடி கலக்க வைத்திருக்கும் குவளையோ, பானத்தைக் குலுக்கும் ஷேக்கருக்குப் பதிலாகப் போதும். கண்ணாடி பாட்டிலில் ஐஸ் போட்டுக் குலுக்காதீர்கள், உடையும். புதினாவை நசுக்கப் பருப்பு மத்து இருக்கிறது, வடிக்க டீ வடிகட்டி இருக்கிறது. 30 மி.லி. பெக் அளவை மட்டும் கட்டாயம் வாங்குங்கள், அல்லது இருமல் மருந்தோடு வரும் கோடு போட்ட மூடியைக் கழுவி வைத்துக்கொள்ளுங்கள். கண்ணளவில் ஊற்றினால் மாலை ஏற ஏறப் பெக்கும் ஏறிக்கொண்டே போகும். சாறு சேர்ந்த பானங்களை ஐஸுடன் பன்னிரண்டு, பதினைந்து வினாடி வேகமாகக் குலுக்க வேண்டும். சோடாவும், டானிக் எனப்படும் கசப்புச் சோடாவும், பியரும் ஒருபோதும் குலுக்கும் பாத்திரத்துக்குள் போகக் கூடாது, அவை கடைசியில் டம்ளரில் சேர வேண்டியவை.

இனி, உங்கள் விருந்துக்கு நான் தேர்ந்தெடுக்கும் பானங்கள். உலகப் புகழ்பெற்ற பானங்களின் பட்டியலை எடுத்துக்கொண்டு கிடைக்காத மதுவகைகளைத் தேடி அலைவதைவிட, இந்த மாதத்தில் நம் ஊரில் குவிந்து கிடக்கும் பொருள்களிலிருந்து தொடங்குவதே சிறந்தது என்பது என் உறுதியான கருத்து.

முதலாவது மாங்காய். அரைக் கிலோ கிளிமூக்கு மாங்காயை முழுசாகக் குக்கரில் இரண்டு விசில் வேகவைத்து, ஆறியதும் தோலையும் கொட்டையையும் நீக்கிச் சதையை எடுத்து, 200 கிராம் சர்க்கரை, ஒரு கிளாஸ் தண்ணீர், ஒரு தேக்கரண்டி உப்பு, விரற்கடை இஞ்சி, அரைத் தேக்கரண்டி வறுத்த சீரகப் பொடி சேர்த்து மிக்ஸியில் அடித்து வடிகட்டிவிடுங்கள். பன்னிரண்டு டம்ளருக்கு மேல் வரும். ஐஸ் நிறைந்த உயரமான டம்ளரில் இந்த விழுது 45 மி.லி., வோட்கா 30 மி.லி., அதன்மேல் குளிர்ந்த சோடா 100 மி.லி. ஊற்றி ஒரே ஒரு முறை கிண்டினால் போதும். டெக்கீலா என்ற மெக்சிகோ மது கைக்குக் கிடைத்தால் வோட்காவைவிட இதற்கு அது பொருத்தம், ஏனென்றால் அதன் பச்சை வாசம் மாங்காயின் வாசத்தோடு ஒட்டிக்கொள்கிறது. டம்ளரின் விளிம்பில் எலுமிச்சைத் துண்டைத் தேய்த்து, உப்பும் மிளகாய்த் தூளும் கலந்த தட்டில் கவிழ்த்து எடுங்கள். மெரினாவில் கீறிய மாங்காய்மேல் தூவித் தருகிற அதே கலவைதான் அது. முதல் வாய் குடித்ததும் உங்கள் விருந்தினர் எல்லோரும் தங்கள் பள்ளிக்கூட வாசலைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள், பேச்சைத் தொடங்கிவைக்க நீங்கள் வேறு எதுவும் செய்ய வேண்டியிருக்காது.

இரண்டாவது நன்னாரி. நன்னாரி வேரின் மணத்துக்குக் காரணமான சேர்மம், வெனிலாவின் மணத்துக்குக் காரணமான வெனிலினுக்கு மிக நெருங்கிய உறவு. இரண்டிலும் அணுக்கள் ஒன்றே, அடுக்கு மட்டும் வேறு. கறுப்பு ரம்மிலும் வெனிலாச் சாயல் இருப்பதால் இவை இரண்டும் சேரும்போது பிறந்ததிலிருந்து பழகியவைபோல இணைந்துபோகின்றன. கறுப்பு ரம் 30 மி.லி., நன்னாரி சர்பத் 20 மி.லி., எலுமிச்சைச் சாறு 20 மி.லி., சோடா 120 மி.லி., ஊறவைத்த சப்ஜா விதை ஒரு தேக்கரண்டி. சர்பத்திலேயே வேண்டிய சர்க்கரை இருப்பதால் பாகு சேர்க்காதீர்கள். வாங்கும்போது நிறத்தைப் பார்க்காமல் மூடியைத் திறந்து மணத்தைப் பாருங்கள். செயற்கை மணம் சேர்த்தது மருந்துபோல் நெடியடிக்கும். மது இல்லாமல் இதே அளவில் கலந்தால் அது நம் ஊர்க் கடைகளில் காலங்காலமாகக் கிடைக்கும் நன்னாரி சோடாவேதான், அதைவிட நல்ல கோடைபானம் உண்டா என்று எனக்கே ஐயம்.

மூன்றாவது நுங்கு. இதை ஓரிருவருக்கு மட்டும், பொறுமையோடு செய்யுங்கள். இளசான நுங்கைத் தேர்ந்தெடுத்து, துவர்க்கிற பழுப்புத் தோலை ஒன்றுவிடாமல் உரித்து, இரண்டைக் கையால் மசித்து, ஒன்றைத் துண்டுகளாக நறுக்கி டம்ளரில் போடுங்கள். அதன்மேல் ஜின் 45 மி.லி., எலுமிச்சைச் சாறு 15 மி.லி., பாகு 10 மி.லி., அப்போதே வெட்டிய இளநீர் 100 மி.லி. ஊற்றி, ஐஸ் போட்டு மெதுவாகக் கிண்டுங்கள். நுங்கின் சுவை மிக மென்மையானது என்பதால் சோடாவின் கூர்மையோ இஞ்சியோ பக்கத்தில் வந்தால் அது காணாமல் போய்விடும். புதினாவும் வேண்டாம். ஜினுக்கு மணம் தருகிற ஜூனிப்பர் காயின் பச்சை வாசம் மட்டும் மெலிதாக மேலே நின்றால் போதும். இளநீரை வெட்டி வைத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள், அது விரைவிலேயே சுவை மாறிவிடும்.

கூட்டத்துக்குச் சேர்த்துச் செய்ய வேண்டியது தர்பூசணி பஞ்ச். பஞ்ச் என்ற சொல் ஐந்து என்று பொருள்படும் நம் நாட்டுச் சொல்லிலிருந்து போனது என்பதும், பதினேழாம் நூற்றாண்டில் இங்கே வந்த ஆங்கிலேய மாலுமிகள் அதை எடுத்துச் சென்றார்கள் என்பதும் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். மது, சர்க்கரை, எலுமிச்சை, தண்ணீர், வாசனைப் பொருள் என்பவையே அந்த ஐந்து. நம் பானகத்தை எண்ணிப் பாருங்கள்: வெல்லம், எலுமிச்சை, தண்ணீர், சுக்கும் ஏலமும். மது ஒன்று தவிர மற்ற நான்கும் அதில் இருக்கின்றன. இதனாலேயே பானகத்தில் ரம் ஊற்றலாமா என்று சிலர் கேட்கிறார்கள். சுவைக்கு அது ஒத்துப்போகும், ஆனாலும் ஸ்ரீராமநவமிக்குப் படைக்கிற ஒன்றை அந்தப் பெயரிலேயே மதுவோடு கலந்து வைப்பதை நான் செய்யமாட்டேன்; வந்திருக்கும் பெரியவர்களில் ஒருவர் மனம் நோகக்கூடும். பானகத்தைப் பானகமாகவே ஒரு மண்பானையில் தனியே வையுங்கள், மது அருந்துபவர்களும் இடையிடையே அதைத் தேடி வருவார்கள்.

பஞ்சுக்கான கணக்கு இது. விருந்துக்கு முந்தின இரவு எட்டு எலுமிச்சைகளின் தோலை, வெள்ளைப் பகுதி வராமல் மேலாகச் சீவி, 120 கிராம் சர்க்கரையோடு பிசிறி மூடி வையுங்கள்; காலையில் தோலிலிருந்த எண்ணெயெல்லாம் சர்க்கரையில் இறங்கி, மணக்கிற ஈரப் பாகாக ஆகியிருக்கும். மூன்று கிலோ தர்பூசணியை விதை நீக்கி அடித்து வடித்தால் ஒன்றரை லிட்டர் அளவுக்குச் சாறு கிடைக்கும். அதில் இந்தச் சர்க்கரையைக் கரைத்துத் தோலை வடித்து நீக்கி, எலுமிச்சைச் சாறு 240 மி.லி., உப்பு ஒரு தேக்கரண்டி, மிளகுப் பொடி கால் தேக்கரண்டி சேர்த்துக் குளிரவையுங்கள். ஒரு சதுர டிபன் பாக்ஸில் தண்ணீர் ஊற்றி உறையவைத்த பெரிய பாளத்தைப் பரிமாறும் பாத்திரத்தில் மிதக்கவிட்டால், சின்னக் கட்டிகளைவிட அது மெதுவாகவே உருகும், ஏனென்றால் அதே எடைக்கு அதன் மேற்பரப்பு குறைவு. டம்ளருக்கு இந்தச் சாறு 70 மி.லி., வெள்ளை ரம் 30 மி.லி., சோடா 80 மி.லி. என்று ஊற்றி, ஒரு கொத்துப் புதினாவை உள்ளங்கையில் ஒருமுறை தட்டி மேலே செருகுங்கள். புதினாவைக் கசக்கிக் கூழாக்கினால் கசப்பும் கறுப்பும்தான் வரும். அதன் மணம் இலையின் மேற்பரப்பிலேயே இருக்கிறது, தட்டினாலே வெளிவந்துவிடும். மத்தால் அழுத்துவதானாலும் இலை கிழியாத அளவுக்கு மென்மையாக அழுத்துங்கள்.

பியர்தான் வேண்டும் என்பவர் ஒருவராவது இருப்பார். அவரைத் திருத்த முயல வேண்டாம். பாதி டம்ளர் பியரும் பாதி டம்ளர் குளிர்ந்த எலுமிச்சை சோடாவும் கலந்து கொடுங்கள். ஐரோப்பாவில் ஷாண்டி என்று கோடையில் விரும்பிக் குடிப்பது இதைத்தான், போதையும் பாதியாகிவிடும். ஜின் டானிக் கேட்பவருக்கு ஒரு பங்கு ஜினுக்கு மூன்று பங்கு டானிக் என்பது சரியான அளவு. டானிக்கின் கசப்பு மலேரியாவுக்கு மருந்தான குவினைனிலிருந்து வருகிறது. அதில் சர்க்கரையும் நிறைய இருப்பதால் நீரிழிவு உள்ளவருக்குச் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

மதுவின் அளவைப் பற்றிக் கொஞ்சம் கறாராகவே சொல்ல வேண்டும். நம் ஊரில் விற்கும் ரம், வோட்கா, ஜின் பாட்டில்களில் 42.8 சதவீதம் என்று அச்சிட்டிருக்கும். அப்படியானால் 30 மி.லி. கொண்ட ஒரு சிறிய பெக்கில் ஏறத்தாழ 10 கிராம் தூய சாராயம் இருக்கிறது, அதைக் கரைத்து வெளியேற்ற உடலுக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகும். பன்னிரண்டு பேரில் எட்டுப் பேர் அருந்துபவர்கள், ஆளுக்கு மூன்று டம்ளர், டம்ளருக்கு 30 மி.லி. என்றால் மொத்தம் 720 மி.லி., அதாவது ஒரே ஒரு முழு பாட்டில். எல்லோருக்கும் எல்லாவற்றையும் ருசி காட்ட வேண்டும் என்பதற்காக வெள்ளை ரம், கறுப்பு ரம், வோட்கா, ஜின் நான்கிலும் சிறிய பாட்டில்களாக வாங்கினால் போதுமானது. புழுக்கமான மாலையில் வியர்வையால் உடல் ஏற்கெனவே நீர் இழந்திருக்கும், மது சிறுநீரைப் பெருக்கி இன்னும் இழக்கவைக்கும். ஆகவே ஒவ்வொரு டம்ளருக்கும் இடையில் ஒரு டம்ளர் தண்ணீரோ நீர்மோரோ கேட்காமலேயே கையில் கொடுங்கள். வெறும் வயிற்றில் யாருக்கும் முதல் டம்ளரை நீட்டாதீர்கள். மாங்காய், தேங்காய் போட்ட பட்டாணிச் சுண்டல், வேர்க்கடலை மசாலா, வாழைக்காய் பஜ்ஜி இவை மூன்றும் இந்தப் பானங்களின் புளிப்புக்கு நன்றாக ஈடுகொடுக்கும்.

வாங்கும் நாளையும் திட்டமிடுங்கள். டாஸ்மாக் கடைகள் பகல் பன்னிரண்டு மணிக்குத்தான் திறக்கும், மே தினத்தன்றும் மகாவீர் ஜெயந்தியன்றும் மூடியிருக்கும். இறக்குமதி மதுவகைகள் எலைட் கடைகளில் கிடைக்கும். தமிழ்நாட்டில் 21 வயது நிறையாதவருக்கு மது கொடுக்கக் கூடாது, நண்பரின் கல்லூரி செல்லும் மகன் எவ்வளவு வற்புறுத்தினாலும் அவருக்கு அடிப்பானம் மட்டும்தான். மொட்டைமாடி பொது இடம் என்பதால் குடியிருப்போர் சங்கத்திடம் முன்பே அனுமதி கேட்டுவிடுங்கள். வண்டி ஓட்டி வந்தவர்களைப் பற்றி விருந்து தொடங்கும்முன்பே முடிவு செய்ய வேண்டும். 100 மி.லி. இரத்தத்தில் 30 மி.கி.-க்கு மேல் மது இருந்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவின்படி குற்றம்; முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். அடுத்தடுத்து இரண்டு சிறிய பெக் அருந்தினாலே பலர் அந்த வரம்பைத் தாண்டிவிடுவார்கள். அழைக்கும்போதே வாடகைக் காரிலோ பறக்கும் ரயிலிலோ வரச் சொல்லிவிட்டால், இரவு பத்து மணிக்கு வாசலில் நின்று யாரோடும் வாதாட வேண்டியிருக்காது.

அன்றைய வேலை ஒழுங்கையும் எழுதிவிடுகிறேன். முந்தின இரவு பாகு, எலுமிச்சைத் தோல் சர்க்கரை, மாங்காய் விழுது. காலையில் தர்பூசணிச் சாறு எடுப்பது, சப்ஜா தவிர மற்ற எல்லாவற்றையும் குளிர்பதனப் பெட்டிக்குள் அடுக்குவது, புதினாவை ஆய்ந்து ஈரத்துணியில் சுற்றி வைப்பது. நான்கு மணிக்கு எலுமிச்சை பிழிவது, ஐந்து மணிக்கு சப்ஜாவை ஊறவைப்பது. கடற்காற்று வந்து புழுக்கம் சற்றுத் தணிந்தபின் ஆறரை மணிக்கு மாடியில் மேசை போட்டு, ஒரு பக்கம் அடிப்பானங்கள், நடுவில் ஐஸ் பெட்டி, உங்கள் கைக்கு எட்டும் மறுபக்கம் மது பாட்டில்களும் பெக் அளவும். சோடாவை ஒரு பாட்டில் தீர்ந்தபின் அடுத்ததைத் திறக்க வேண்டும். முதல் டம்ளரை மது அருந்தாத விருந்தினர் ஒருவருக்குக் கலந்து கொடுங்கள்.

விருந்து முடிந்தபின் மாங்காய் விழுதும் நன்னாரி சர்பத்தும் மிஞ்சியிருந்தால் சுத்தமான கண்ணாடி பாட்டிலில் ஊற்றி உள்ளே வையுங்கள். மாங்காய் ஒரு வாரம் தாங்கும், சர்பத் அதற்கும் மேல். தர்பூசணிச் சாற்றை மறுநாளே முடித்துவிட வேண்டும். எதிலும் மது கலக்கவில்லை என்பதால் ஞாயிற்றுக்கிழமை வெயிலில் விளையாடிவிட்டு வரும் உங்கள் குழந்தைகளுக்கு அதை அப்படியே ஐஸ் போட்டுக் கொடுக்கலாம்.